ரும்பா க்ளாவேயின் மூன்றாவது அடி எங்கே? பாத்தா தாளங்களை மேடையில் வாசிக்கலாமா?

கஞ்சிரா_பித்து எழுதியது:

வணக்கம். மிருதங்கம், கஞ்சிரா வாசிக்கிற நாலு பேர் சேர்ந்து கியூபாவோட ரும்பாவை, அதாவது பாட்டும் மத்தளமும் ஆட்டமும் சேர்ந்த இசையை, படிக்க ஆரம்பிச்சிருக்கோம். கணக்குல பிரச்சினை இல்ல, ஆனா ஒலிப்பதிவைப் போட்டுக்கிட்டு கூடவே வாசிச்சா ஒட்டவே மாட்டேங்குது. சந்தேகங்கள் இவ்வளவுதான்:

க்ளாவேன்னா ரெண்டு குச்சியைத் தட்டி வாசிக்கிற அஞ்சடித் தாளக்கட்டு, அது தெரியும். ஆனா சோன்ங்கிற இன்னொரு கியூப இசையோட க்ளாவேக்கும் ரும்பா க்ளாவேக்கும் என்ன வித்தியாசம்? மெட்ரோனோம் வச்சு சரியா அடிச்சும் ஏன் ரும்பா மாதிரி கேட்கல?

ஹவானா குழுவும் மத்தான்சாஸ் ஊர்க் குழுவும் வாசிக்கிறது ரெண்டுமே குவாகுவாங்கோங்கிற ரும்பா வகைன்னுதான் போட்டிருக்கு. ஆனா ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கே?

மூணு கொங்கா (கையால அடிக்கிற உயரமான மத்தளம்) வாங்க வசதியில்ல. எதை வச்சு ஒப்பேத்தலாம்?

சடங்குல வாசிக்கிற பாத்தா மத்தள வாசிப்பைக் கொங்காவுல கொண்டு வந்து மேடையில வாசிச்சா தப்பா? அது கோயில் வாத்தியம் மாதிரின்னு ஒருத்தர் பயமுறுத்தறார்.

மரப்பெட்டி எழுதியது:

முதலில் கணக்கு. நாலு தட்டு, தட்டுக்கு நாலு மாத்திரை, மொத்தம் 16. சோன் க்ளாவேயின் ஐந்து அடிகள் 1, 4, 7, 11, 13இல் விழும். ரும்பா க்ளாவே 1, 4, 8, 11, 13. மாறுவது மூன்றாவது அடி மட்டும், அதுவும் ஒரே ஒரு மாத்திரை. சொற்கட்டில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்:

சோன்: தகிட தகிட தகதிமி தக தகதிமி
ரும்பா: தகிட தகதிமி தகிட தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் குச்சி விழ வேண்டும். காலால் 1, 5, 9, 13 ஆகிய நாலு தட்டுகளையும் போடுங்கள். ஐந்து அடிகளில் காலோடு சேர்வது முதலும் கடைசியும்தான், நடுவில் உள்ள மூன்றும் காலுக்கு வெளியே. ரும்பாவின் மூன்றாவது அடி 8இல் இருக்கிறது. அடுத்த மாத்திரையே தட்டு என்பதால் கை 9ஐ நோக்கி இழுபடும். அதைத் தவிர்க்கப் பார்த்து பலர் 7க்கே திரும்பிவிடுவார்கள், அதாவது சோனுக்குப் போய்விடுவார்கள். சந்தேகமிருந்தால் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது இது காதில் விழாது.

மெட்ரோனோம் விஷயம் வேறு. ரும்பாவில் மூன்று வகை: யாம்பு, குவாகுவாங்கோ, கொலும்பியா. கொலும்பியா திஸ்ர நடை, அதாவது தட்டுக்கு மூன்று மாத்திரை. அங்கே சுற்றுக்கு 12 மாத்திரை, க்ளாவே 1, 3, 6, 8, 10இல் விழும்: தக தகிட தக தக தகிட. மத்தான்சாஸ் ஆட்கள் குவாகுவாங்கோ வாசிக்கும்போது அடிகள் 16இன் கட்டத்திலும் அச்சாக நிற்காது, 12இன் கட்டத்திலும் நிற்காது, இரண்டுக்கும் நடுவில் மிதக்கும். நீங்கள் 16இல் ஆணி அடித்தாற்போல் வாசிப்பதால்தான் ஒட்டவில்லை.

பயிற்சி: கால் வேகத்தை மாற்றாமல் நாலு சுற்று சதுஸ்ரத்தில் (தட்டுக்கு நாலு மாத்திரை), நாலு சுற்று திஸ்ரத்தில் க்ளாவே அடியுங்கள். பிறகு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பிறகு ஒவ்வொரு சுற்றிலும். மாறும் இடம் வழுக்கலாக ஆனபின் சொற்கட்டை விட்டுவிட்டு, எண்ணாமல், பாட்டின் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டே அடியுங்கள். கடைசி வரை எண்ணிக்கொண்டே வாசித்தால் கணக்குக் காட்டும் கச்சேரி ஆகிவிடும்.

குச்சிகளைப் பிடிப்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. தடிமன், நல்ல கடின மரம். கருங்காலி, ஈட்டி எதுவும் ஆகும். கீழ்க் குச்சியை விரல் நுனிகளிலும் பெருவிரலிலும் சும்மா கிடத்தி, உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவிக்க வேண்டும். அந்தக் குழிதான் ஒலியைப் பெருக்குகிறது. இறுக்கிப் பிடித்தால் ‘டக்’ என்று செத்துவிடும். குழு முழுவதும் வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது. க்ளாவே கேட்காத ரும்பா பத்துச் சுற்றுக்குள் சரியும்.

பாட்டின் அமைப்பு: பாடகர் சொல்லில்லாத ஒரு இழுப்போடு தொடங்குவார், அது தியானா. அடுத்து பாட்டின் உடல். பிறகு பின்பாட்டுக்காரர்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்ள ஆட்டம் தொடங்கும். க்ளாவேயும் கத்தாவும் முன்னால் போகும். கத்தா என்பது குறுக்காகக் கிடத்திய மூங்கிலை இரண்டு குச்சியால் தட்டுவது. பிறகு தாழ்ந்த குரல் சலிதோர், அடுத்து நடுக்குரல் த்ரெஸ் தோஸ், கடைசியில் உச்சக்குரல் கீந்தோ. முதல் இரண்டு மத்தளமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி ஒரு மெட்டு உண்டாக்குகின்றன. குவாகுவாங்கோவை அடையாளம் காட்டுவது அந்த மெட்டுதான், எனவே இரண்டின் சுருதி தெளிவாகப் பிரிந்து கேட்க வேண்டும்.

மிருதங்கப் பின்னணி உள்ளவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு: கீந்தோ கிடைத்ததும் தனியாவர்த்தனம் தொடங்கிவிடுவது. பாட்டின் உடல் நடக்கும்போது கீந்தோ பாடகரின் மூச்சு இடைவெளியில் இரண்டு சொல் போட்டால் போதும். ஆடுபவர் வந்தபின் கீந்தோவின் கண் ஆடுபவர் மேல்தான். குவாகுவாங்கோவில் ஆண் சட்டென்று பெண்ணை நோக்கி இடுப்பையோ கையையோ காலையோ வீசுவான், அதற்கு வாக்குனாவோ என்று பெயர். பெண் பாவாடையால் மறைத்துத் தப்புவாள். அந்த வீச்சைக் கீந்தோ ஓர் அடியால் குறிக்க வேண்டும். யாம்புவில் இந்த வீச்சு கிடையாது, வேகமும் குறைவு. கொலும்பியாவில் வழக்கமாக ஓர் ஆண் மட்டும் ஆடுவான்; அங்கே ஆட்டக்காரனும் கீந்தோவும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதுதான் கச்சேரியே.

மொத்தத்தில் கியூபாவின் ஆப்பிரிக்க இசை எல்லாவற்றுக்கும் க்ளாவேதான் திறவுகோல். அது கைவந்தால் மற்றது தானாக வரும்.

கிழக்கு_மாகாணம் எழுதியது:

மரப்பெட்டி அண்ணாச்சி சொன்னதில் கடைசி இரண்டு வரி தவிர எல்லாம் சரி. க்ளாவேயை எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. கிழக்குக் கியூபாவில், குவாண்டானமோவின் சாங்க்வி என்ற இசையில் க்ளாவே குச்சியே இல்லை. சாந்தியாகோ, குவாண்டானமோ பக்கத்துத் தும்பா ஃபிரான்செஸாவிலும் இல்லை, அங்கே கத்தாதான் கோடு போடுகிறது. ‘எல்லாமே க்ளாவே’ என்பது ஹவானாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் பார்க்கிற பார்வை. சாங்க்வி பாட்டுக்கு மேல் சோன் க்ளாவே அடித்துப் பாருங்கள், த்ரெஸ் என்ற கிதார் வகையின் நரம்பிசை (த்ரெஸ் தோஸ் மத்தளம் வேறு) அதற்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும்.

எந்த ஊருக்கு எந்த மக்கள் எப்போது வந்தார்கள் என்று பார்த்தால் இந்த வேறுபாடுகள் புரியும். 1791இல் சான் டொமாங்கில், அதாவது இன்றைய ஹெய்ட்டியில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அங்கிருந்த தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு கியூபாவின் கிழக்குக் கரைக்கு ஓடிவந்து காப்பி பயிரிட்டார்கள். அவர்களோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வைத்திருப்பதுதான் தும்பா ஃபிரான்செஸா. பிரெஞ்சு மாளிகை நடனத்தின் நடையும் ஆப்பிரிக்க மத்தளமும் ஒரே அரங்கில்: மஸோன், யூபா, ஃப்ரெந்தே என்று ஆட்டங்கள். சாந்தியாகோவின் லா கரிதாத் தெ ஒரியெந்தேயும் குவாண்டானமோவின் சாந்த்தா கத்தலினாவும் இதைக் காப்பாற்றிவரும் சங்கங்கள். யுனெஸ்கோ 2003இல் இதை அங்கீகரித்தது. ரும்பாவுக்கு அது கிடைக்க 2016 வரை ஆனது.

அதே கிளர்ச்சியால் சான் டொமாங்கின் சர்க்கரைத் தொழில் விழுந்தது; அந்தச் சந்தையைப் பிடிக்க ஹவானா, மத்தான்சாஸ் சமவெளிகளில் கரும்பு பரவியது. அங்கே ஆள் தேவைப்பட்ட காலத்தில்தான் இன்றைய நைஜீரியாப் பகுதியின் ஒயோ பேரரசு சரிந்து, யொரூபா மக்கள் பெரும் எண்ணிக்கையில் அடிமைச் சந்தைக்குத் தள்ளப்பட்டார்கள். கியூபாவில் அவர்களுக்கு லுகுமி என்று பெயர். ஆகவே பாத்தா மேற்கில் வேர்விட்டது, கிழக்குக்கு வெகு தாமதமாகத்தான் போனது. தஹோமியிலிருந்து, அதாவது இன்றைய பெனின் பகுதியிலிருந்து, வந்தவர்கள் அராரா. மத்தான்சாஸ் மாகாணத்தின் ஹொவெயானோஸ், பெரிக்கோ ஊர்களில் அவர்கள் மரபு இன்றும் உண்டு. அவர்கள் மத்தளத்தில் தோலை மரமுளைகள் இழுத்துப் பிடிக்கும், ஒரு பக்கம்தான் தோல். நைஜீரியா, கேமரூன் எல்லையின் கிராஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்தவர்கள் கரபாலி. அங்கிருந்த சிறுத்தைச் சங்கத்தின் வழியில் 1836இல் ஹவானா துறைமுகத்தின் ரெக்லாவில் தொடங்கியது அபாக்குவா. ஆண்கள் மட்டும் உள்ள இந்தச் சங்கம் ஹவானா, மத்தான்சாஸ், கார்தெனாஸ் என்ற மூன்று துறைமுக நகரங்களைத் தாண்டவே இல்லை.

எல்லாம் யொரூபா என்று எழுதுகிறவர்கள் மறந்துவிடுவது கொங்கோக்காரர்களை. மத்திய ஆப்பிரிக்காவின் பாந்து மொழி மக்கள் இவர்கள். இவர்களுடைய யூகா மத்தளம் ஒரு மரத்தைக் குடைந்து செய்வது. பெரும்பாலும் வெண்ணெய்ப்பழ மரம், தோலை ஆணியடித்துப் பொருத்துவார்கள், சுருதி கூட்ட நெருப்பில் காட்டுவார்கள். மூன்று மத்தளம்: காஹா, மூலா, கச்சிம்போ. பெரியதை வாசிப்பவர் மணிக்கட்டில் சிறு கிலுகிலுப்பை கட்டியிருப்பார், வேறொருவர் அதே மத்தளத்தின் மர உடம்பில் குச்சியால் தட்டுவார். ஆட்டத்தில் ஆண் பெண்ணை நோக்கி இடுப்பை வீசும் அசைவும் உண்டு. இவற்றை ரும்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கொங்கா, கத்தா, வாக்குனாவோ. ரும்பாவின் எலும்பு பாந்துதான் என்பது என் துணிவு. லுகுமி, அபாக்குவா எல்லாம் அதன் மேல் படிந்தவை.

ஹவானா, மத்தான்சாஸ் வேறுபாடு: மத்தான்சாஸ் நிதானம், இடைவெளி அதிகம், சலிதோரும் த்ரெஸ் தோஸும் பேசிக்கொள்வது தெளிவாகக் கேட்கும். கத்தாவின் வாய்ப்பாடும் ஹவானாவினுடையது அல்ல. இரண்டையும் ஒரே பாட்டில் கலந்துவிடாதீர்கள். 1952இல் தொடங்கிய லோஸ் முஞெகித்தோஸ் தெ மத்தான்சாஸ், ஹவானாவின் க்ளாவே ஈ குவாகுவாங்கோ இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஹவானாவில் குவாரபச்சாங்கேயோ என்று ஒரு பிற்கால நடையும் உண்டு. பெரிய மரப்பெட்டியில் தாழ்ந்த குரலே இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கும். அதை முதலில் கேட்டுவிட்டுக் குவாகுவாங்கோ கற்கக் கிளம்பினால் தலையும் புரியாது காலும் புரியாது.

கஞ்சிரா_பித்து எழுதியது:

அண்ணாச்சிக்கும் கிழக்குக்கும் நன்றி. 8ஆம் மாத்திரை விஷயம் உடனே சரியாச்சு. ஒண்ணு மட்டும்: கொலும்பியாவுல பாடறப்போ நடுவுல ஸ்பானிஷ் இல்லாத சொற்கள் வருதே, அது யொரூபாவா? அப்படியே எழுதிவச்சுப் பாடலாமா? இந்தச் சாங்க்வின்னா என்னன்னும் ரெண்டு வரி.

கிழக்கு_மாகாணம் எழுதியது:

கொலும்பியாவில் வருபவை பெரும்பாலும் அபாக்குவா சொற்களும் கொங்கோ சொற்களும். அபாக்குவா வாசகங்கள் சங்கத்துக்குள் யார் யாரிடம் எப்போது சொல்வது என்று கட்டுப்பாடு உள்ளவை. காதில் விழுந்ததை எழுதிவைத்துப் பாடுவது வேண்டாம். ஸ்பானிஷ் பகுதியை மட்டும் பாடி, அந்த இடத்தில் சொல்லில்லாத இழுப்பை நீட்டிக்கொள்ளுங்கள்.

சாங்க்வி: த்ரெஸ், பொங்கோ என்ற இரட்டைச் சிறு மத்தளம், மரிம்புலா, சுரண்டி வாசிக்கும் உலோகக் குவாயோ, மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை. மரிம்புலா ஒரு மரப்பெட்டி. முன்பக்க ஓட்டைக்கு மேல் எஃகுப் பட்டைகள் பூட்டியிருக்கும். பெட்டி மேலேயே உட்கார்ந்து விரலால் மீட்டினால் அதுதான் பாஸ். பட்டையை நீளமாக வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். பொங்கோ வழக்கமானதைவிடப் பெரியது, விரலைத் தோலில் அழுத்தித் தேய்த்து உறுமவைப்பார்கள். கிழக்கின் இந்த மலைநாட்டு இசைக்கு நெருங்கிய உறவுதான் சோன். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவுக்கு வந்துதான் க்ளாவே குச்சியோடு கட்டுண்டது. 1920களில் ஆறு பேர், ஏழு பேர் குழுக்களாக ஒலித்தட்டில் பரவியது.

சாந்தியாகோ போனால் இன்னொன்று: தெரு கொங்கா. இங்கே கொங்கா என்பது மத்தளம் அல்ல, ஊர்வல இசை. ஜூலைத் திருவிழாவில் காரின் பிரேக் டிரம்களை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டு போவார்கள். அதற்கு மேல் கொர்னேத்தா சீனா, சீவாளி வைத்து ஊதும் சீனக் குழல். ஹவானாவின் சீனக் குடியேறிகளிடமிருந்து 1915இல் சாந்தியாகோவுக்கு வந்தது. அதை நீக்கிவிட்டால் அது சாந்தியாகோ கொங்காவே இல்லை.

ஆறு_தோல் எழுதியது:

பாத்தா பற்றி. மூன்று மத்தளம்: பெரியது ஈயா, நடு இத்தோத்தெலே, சிறியது ஒகோங்கோலோ. ஒவ்வொன்றும் இரண்டு முகம், மடியில் கிடத்தி வாசிப்பது. அகன்ற முகம் எனூ, குறுகியது சச்சா. ஈயாவின் எனூவில் பிசின் குழம்பு அப்பி அதிர்வை அடக்குவார்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை வைத்துப் பழகிய உங்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஈயாவைச் சுற்றி மணிச்சரமும் இருக்கும். நைஜீரியாவில் சிறிய முகத்தைத் தோல்வாரால் அடிப்பார்கள், கியூபாவில் பெரும்பாலும் வெறுங்கை.

தப்பா என்று கேட்டால் எந்த மத்தளம் என்பதைப் பொறுத்தது. சடங்கு செய்து உள்ளே அஞ்ஞாவை, அதாவது மத்தளத்தின் தெய்வத்தை, வைத்த மத்தளத்தை அந்த உரிமை பெற்ற ஆண்கள் மட்டுமே தொடலாம். சடங்கு செய்யாதது அபெரிகுலா. மேடை, வகுப்பு, ஒலிப்பதிவு எல்லாம் அதில்தான். 1936இலேயே கியூப ஆய்வாளர் ஃபெர்னாந்தோ ஒர்த்திஸ் ஹவானாவில் தன் உரையோடு பாத்தாவைப் பொது அரங்கில் வாசிக்கவைத்தார். எனவே மேடை என்பதே தீட்டு இல்லை. வரிசையைக் குலைக்காமல் இருந்தால் போதும். ஒரு விழா பாட்டில்லாத மத்தள வரிசையோடு தொடங்கும்: தெய்வங்களில் எலெக்வா முதலில், பிறகு ஒக்கூன், ஒச்சோசி என்று போகும். ஒரு தெய்வத்தின் தாளத்துக்கு இன்னொன்றின் பாட்டைப் பாடிவிட்டு ‘ஃப்யூஷன்’ என்று சொல்லாதீர்கள். சச்சாலொக்காஃபுன், ஞோங்கோ போன்ற பொதுத் தாளங்கள் பல தெய்வங்களுக்கும் பயன்படும், தொடக்கத்துக்கு அவை பாதுகாப்பு.

என் ஆட்சேபம் வேறு: மூன்று மத்தளம், ஆறு தோல் பேசும் உரையாடலை ஒரு கொங்காவில் அடக்கினால் எஞ்சுவது சக்கை. ஈயா அழைக்கும், இத்தோத்தெலே பதில் சொல்லும், ஒகோங்கோலோ இருவரையும் கட்டி நிறுத்தும். கற்பதும் அந்தத் தலைகீழ் வரிசையில்தான். ஈயாவை மட்டும் எழுதி மனப்பாடம் செய்தவருக்கு, பதில் எப்போது வரும் என்று தெரியாததால் தன் அழைப்பு எங்கே முடிகிறது என்பதும் தெரியாது.

நீங்கள் நாலு பேர்தானே? அதே லுகுமி பாட்டுகளைப் பாத்தா இல்லாமல் பாடும் முறை கியூபாவிலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் குயிரோ. மூன்று செகெரே (மணிவலை போர்த்திய சுரைக்குடுக்கை; நாலு பேருக்கு இரண்டு போதும்), ஒரு இரும்பு மணி அல்லது மண்வெட்டித் தகடு, ஒரு கொங்கா. மணி 12 மாத்திரையில் 1, 3, 5, 6, 8, 10, 12இல் விழும்: தக தக த தக தக தக த. மரப்பெட்டி கொடுத்த திஸ்ர க்ளாவேயின் ஐந்து அடியும் இதற்குள் இருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு. முன்பாட்டுக்காரர் முடிக்கும் இடமும் பின்பாட்டு நுழையும் இடமும் மணிச் சுற்றில் எங்கே விழுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டுதான் பாட்டைத் தொட வேண்டும். அரைச் சுற்று மாறினாலும் அடுத்த பாட்டு ஏறாது.

செகெரே நீங்களே கட்டலாம். நன்றாகக் காய்ந்த பெரிய சுரைக்குடுக்கை, விதையை வழித்து எடுத்து, வாயைத் திறந்தே விடுங்கள். வெளியே நூல் வலையில் மணி கோப்பது. வலை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளப்பாக இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் மணி உருளாது, ‘சக்’ கேட்காது. அடியில் உள்ளங்கையால் தட்டினால் வரும் தாழ்ந்த குரலும் குடுக்கை ஈரமாயிருந்தால் வராது.

மரப்பெட்டி எழுதியது:

கிழக்கின் திருத்தம் ஏற்கத்தக்கது. க்ளாவே பற்றிச் சொன்னதை ரும்பாவுக்கும் மேற்குக் கியூபாவின் சோனுக்கும் என்று வாசித்துக்கொள்ளுங்கள். பாந்து எலும்பு என்பதை மட்டும் முழுதாக ஒப்ப மாட்டேன். பாட்டில் ஸ்பானிஷ் பங்கு சின்னதல்ல: தெசிமா என்ற பத்தடிச் செய்யுளே குவாகுவாங்கோவில் பாடப்படுகிறது.

விட்டுப்போன கேள்வி, வாத்தியச் செலவு. யாம்புவில் தொடங்குங்கள், அது பெட்டிக்கென்றே உள்ள ரும்பா. உப்புக் கருவாட்டு மீன் வந்த பெட்டி தாழ்ந்த குரலுக்கு, மெழுகுவத்திப் பெட்டி கீந்தோவுக்கு என்றுதான் அங்கே வாசித்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் கஹோன் (தட்டி வாசிக்கும் மரப்பெட்டி) ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ வகையாக இருந்தால் உள்ளே கம்பி இருக்கும். கழற்றிவிடுங்கள், ரும்பாவில் அந்தச் சரசரப்பு க்ளாவேயை மறைக்கும். பெரிய பெட்டிக்கு முன்பலகை மெல்லியதாகவும், சின்னதற்குக் கொஞ்சம் தடித்தும் இருந்தால் சுருதி பிரியும். ஒரே அளவில் இரண்டு பெட்டி வாங்கினால் சலிதோரும் த்ரெஸ் தோஸும் ஒன்றாகிவிடும், அது காசுக்குக் கேடு.

பின்னால் கொங்கா வாங்கினால் முதலில் இரண்டு: 11 அங்குலமும் 12.5 அங்குலமும். நடுவிலுள்ள 11.75 மூன்றாவதாக வரட்டும். அதுவரை த்ரெஸ் தோஸைப் பெட்டியில் வாசிக்கலாம்.

இன்னொன்று. இணையத்தில் ரும்பா என்று தேடினால் நடனப் போட்டி ரும்பா வந்து நிற்கும். அது மெதுவான பொலேரோ-சோன் வழியில் வெளிநாட்டில் உருவான ஜோடி நடனம், இந்தக் கதையோடு பெயர் மட்டும்தான் பொது. குவாகுவாங்கோ, மத்தான்சாஸ் என்று சேர்த்துத் தேடுங்கள்.